ஊர் மழையை ஊராரே அளக்கலாம்: குடிமக்கள் அறிவியல் திட்டம் தொடங்குவது எப்படி?

1997 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரை வெள்ளம் சூழ்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். நகரின் ஒரு பகுதியில் ஓர் அடிக்கும் மேல் கொட்டித் தீர்த்த மழை, மற்ற பகுதிகளில் சாதாரணமாகத்தான் பெய்திருந்தது. அடுத்த ஆண்டே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பொதுமக்களையே மழை அளக்கச் சொன்னார்கள். ‘கோகோராஸ்’ என்ற அந்தத் திட்டம் பிறகு நாடு முழுக்கப் பரவியது. இப்படிப் பொதுமக்களே தரவு திரட்டுவதுதான் குடிமக்கள் அறிவியல். அதே முறையை நம் ஊரிலும் செய்யலாம்.

கேள்வியை முடிவு செய்யுங்கள்

“மழையைப் பற்றி அறிவது” என்று தொடங்கினால் திட்டம் நகராது. “ஒரே நாளில் ஏரிக்கரைப் பக்கமும் பேருந்து நிலையப் பக்கமும் பெய்யும் மழை எவ்வளவு வேறுபடுகிறது?” என்று கேளுங்கள். எங்கே அளப்பது, எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் தானே தெளியும். முதல் மாதத்துக்குப் பத்து வீடுகள் போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பதால் ஆகஸ்டிலேயே ஒத்திகையைத் தொடங்குங்கள்.

மழைமானி செய்யும் முறை

கடையில் ‘நாலு இஞ்ச் பிவிசி பைப்’ என்று கேட்டு 40 செ.மீ. நீளத்துக்கு நேராக அறுத்து வாங்குங்கள். ஒரு முனையில் மூடியைச் சால்வென்ட் சிமெண்ட் என்ற பிவிசி பசையால் ஒட்டுங்கள். குழாய்க்குள் அடங்கும் பிளாஸ்டிக் புனலை, விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே இருக்கும்படி மெல்லிய கம்பிக் கொக்கிகளில் தொங்கவிடுங்கள். நீர் ஆவியாவதைப் புனல் குறைக்கும். மேலே விட்ட 10 செ.மீ. சுவர், துளிகள் தெறித்து வெளியேறாமல் காக்கும். ஓரத்தில் ஒழுகினாலும் நீர் உள்ளேதான் விழும் என்பதால் புனலை ஒட்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவுக்கு 100 மி.லி. அளவு உருளை ஒன்று வேண்டும். குழாயின் உள்விட்டம் 10.4 செ.மீ. என்றால் வாயின் பரப்பு சுமார் 85 ச.செ.மீ.; அதாவது 8.5 மி.லி. நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. உள்விட்டத்தை அளக்காமல், குழாயில் அச்சிட்டிருக்கும் 110 மி.மீ. என்ற வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் மழை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்து தெரியும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இடமும் நேரமும்

அருகிலுள்ள மரமோ சுவரோ மழைமானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். மொட்டை மாடியில் காற்று துளிகளைத் தள்ளிவிடும். முற்றமோ தோட்டமோ நல்லது. வாய் மட்டமாக இருக்கட்டும்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நேரமும் இதுவே. அப்போதுதான் அவர்கள் அளவோடு ஒப்பிட முடியும். 15ஆம் தேதி காலை எடுத்த அளவு, முந்தைய 24 மணி நேர மழையானாலும், 15ஆம் தேதிக் கணக்கில்தான் சேரும். அளந்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

பதிவுப் படிவம்

தேதி, நேரம், மழைமானி எண், மி.லி., குறிப்பு: ஐந்து கட்டங்கள் போதும். மி.மீ. கேட்காதீர்கள், மி.லி.யை மி.மீ. ஆக்கும் வகுத்தலைக் கணினி விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) செய்யட்டும். செய்திகளில் மழை செ.மீ.யில் வருவதால் ஆளாளுக்கு ஒரு அலகில் எழுதிவிடுவார்கள்.

மழை இல்லாத நாளில் ‘0’ எழுத வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெற்றுக் கட்டம் என்றால் மழை பெய்யவில்லையா, ஆள் ஊரில் இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாள் வெளியூர் போய் வந்தவர் மொத்த நீரை அளந்து, “மூன்று நாள் சேர்த்து” என்று குறிப்பில் எழுதட்டும். ஒரே நாள் கணக்கில் போட்டால் இல்லாத கனமழை ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும்.

சோதனையும் வெளியீடும்

வீடுகளுக்குக் கொடுக்குமுன் எல்லா மழைமானிகளையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரு மழைக்கு அளந்து பாருங்கள். மற்றவற்றிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகும் மானியில் விட்டத்தையும் கசிவையும் மீண்டும் சரிபாருங்கள். பிறகு வரும் தரவில் ஓர் எண் சந்தேகமாகப் பட்டால் நீங்களே திருத்தாதீர்கள். அளந்தவரைக் கேளுங்கள், பழைய எண்ணையும் அழிக்காமல் வையுங்கள்.

வாரம் ஒருமுறை ஊர் வரைபடத்தில் அளவுகளைக் குறித்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். தாங்கள் அளந்த எண் எங்கே போகிறது என்று தெரியாதவர்கள் விரைவில் நிறுத்திவிடுவார்கள், அது அவர்கள் குற்றமில்லை. வரைபடத்தில் தெருப் பெயர் மட்டும் வரட்டும், வீட்டு எண் வேண்டாம். மாணவர்கள் சேர்ந்தால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.