பிரசவ வார்டில் பச்சிளங்குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி?

பாம்பன், தேவிபட்டினம், தொண்டி பக்கம் வலி கண்ட நேரத்தில் கணவர் கடலில் இருப்பது புதிதில்லை. 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போவது பெரும்பாலும் பிள்ளைத்தாய்ச்சியும் அவள் அம்மாவும்தான். துணைக்குப் போகும் அந்த அம்மாவுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: பட்டையைப் பாருங்கள்

பிள்ளை பிறந்ததும் தாய்க்கும் பிள்ளைக்கும் அடையாளப் பட்டை கட்டுவார்கள். இரண்டிலும் தாயின் பெயர் ஒன்றாக இருக்கிறதா, பிறந்த நேரமும் ஆணா பெண்ணா என்பதும் சரியா என்று பாருங்கள். என் தங்கை பிள்ளைக்குக் கட்டிய பட்டையில் ஈரம் பட்டு, மறுநாள் காலையில் பெயரின் முதல் எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. நர்ஸிடம் சொன்னதும் கேஸ் ஷீட்டைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கட்டினார். தினமும் ஒருமுறை பாருங்கள்.

படி 2: பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். "ஊசி போடணும், பிள்ளையைக் கொடுங்க" என்று வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்து கேட்டாலும் உடனே கொடுத்துவிடாதீர்கள். பெயர் என்ன, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேளுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிள்ளையோடு நீங்களும் போங்கள்.

அப்புறம், நேற்றுப் பழகிய அக்கா ஒருவர், "நான் வச்சிருக்கேன், நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்பார். நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் வேண்டாம். முகத்துக்கு நேரே மறுக்க நமக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். பிள்ளை விஷயத்தில் அந்தக் கூச்சம் ஆகாது.

படி 3: சட்டம் உங்கள் பக்கம்

மருத்துவமனையிலிருந்து பச்சிளங்குழந்தை கடத்தப்பட்டால், முதல் வேலையாக அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் காவலாளி, கேமரா பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

"வளர்க்கக் கஷ்டம்னா நல்ல இடத்துல கொடுத்துடலாம்" என்று யாராவது காதில் ஓதினால் உஷார். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 81-ஆம் பிரிவின்படி பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை சிறை. ஆஸ்பத்திரி ஊழியரே செய்தால் 3 முதல் 7 ஆண்டு. உண்மையிலேயே வளர்க்க முடியாத நிலை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தாலும் மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு.

படி 4: பிள்ளையைக் காணோம் என்றால்

சத்தம் போடுங்கள். வாசல் கதவுகளை மூடச் சொல்லுங்கள். உடனே அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று போலீஸ் மறுக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். "கொஞ்ச நேரம் தேடிப் பார்ப்போம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: வீட்டுக்குக் கிளம்பும்போது

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அது அவர்கள் பொறுப்பு. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் பெற்றோர் பெயரின் எழுத்துகளையும் சரிபார்த்துக் கொடுங்கள். பிள்ளையின் பட்டையை வீடு போய்ச் சேர்ந்தபிறகு அவிழ்த்தால் போதும்.