பீப்பாயில் முதிர்ந்த ஸ்ட்ராங் ரெட் ஏல்: முதல்முறை சுவைப்பவர்களுக்கு

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து மடமடவென்று குடித்தால், ஆல்கஹால் அதிகமுள்ள இந்தச் செந்நிற பீரில் இனிப்பும் எரிச்சலும் மட்டும்தான் தெரியும். மாதக்கணக்கில் ஓக் பீப்பாயில் கிடந்து சேர்த்துக்கொண்ட வாசனை அத்தனையும் குளிரில் அமுங்கிப் போயிருக்கும். அதனால் இதைச் சுவைப்பதில் பாதி வேலை வெப்பநிலையைக் கவனிப்பதுதான். மீதிப் பாதி, வாயில் தெரியும் மூன்று உணர்வுகளைப் பிரித்தறிவது. அது கடினம், கீழே விரிவாக வருகிறது.

முதலில் லேபிளைப் படியுங்கள்

ஆல்கஹால் அளவு 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். 10 சதவீதம் கொண்ட 330 மி.லி. பாட்டில் ஒன்று, 5 சதவீத பீர் இரண்டு பாட்டிலுக்குச் சமம். இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வதே சரி. குடித்தபின் வண்டி ஓட்டக் கூடாது.

எந்தப் பீப்பாய் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் போர்பன் பீப்பாயாகத்தான் இருக்கும். போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் கலனில்தான் முதிர்விக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அடுத்த போர்பனுக்கு ஆகாது என்பதால், சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் பீர் தயாரிப்பவர்களிடம் வந்து சேர்கின்றன.

'ஃபிளாண்டர்ஸ் ரெட்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை. பெல்ஜியத்தின் ரோடன்பாக் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரிய ஓக் தொட்டிகளில் முதிரும் அந்த பீர் புளிக்கத்தான் வேண்டும். இந்த விளக்கம் அதற்குப் பொருந்தாது.

கிளாஸ், ஊற்றும் முறை

டியூலிப் அல்லது ஸ்னிஃப்டர் கிளாஸ் நல்லது. வயிறு அகன்று வாய் குறுகியிருப்பதால் வாசனை உள்ளேயே தங்கும். இரண்டும் இல்லையென்றால் ஒயின் கிளாஸ் போதும். நேராக உயர்ந்த பீர் கிளாஸ் மட்டும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

கிளாஸின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாக நின்றால் எண்ணெயோ சோப்போ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டிலைக் கொஞ்ச நேரம் நேராக நிறுத்தி வைத்து, 100 முதல் 120 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். அடியில் வண்டல் இருந்தால் கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடலாம். நுரை குறைவாக இருந்து சீக்கிரம் அடங்கினால் பயப்பட வேண்டாம். ஆல்கஹால் அதிகமுள்ள, நாள்பட்ட பீருக்கு அது இயல்பு.

மூன்று வெப்பநிலைகள், மூன்று சுற்றுகள்

சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 'இருபது நிமிடம் வெளியே வை' என்கிற கணக்கு அறையின் சூட்டைப் பொறுத்து மாறும், தெர்மாமீட்டர் மாறாது. 8 டிகிரி செல்சியஸில் முதல் வாய், 12-இல் இரண்டாவது, 16-இல் மூன்றாவது. சூடேற்ற, கிளாஸின் வயிற்றை உள்ளங்கையில் ஏந்தினால் போதும்.

8 டிகிரியில் கசப்பும் வாயுவின் சுறுசுறுப்பும் முன்னால் நிற்கும். 12-இல் டாஃபி, கேரமல், வறுத்த ரொட்டி போன்ற மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாசனைகள் திறக்கும். பெரும்பாலான பாட்டில்கள் சிறப்பாக இருப்பது இங்கேதான். 16-இல் பீப்பாயும் ஆல்கஹாலும் பேசும். பீரில் குறை ஏதும் இருந்தால் அதுவும் இங்கே ஒளிய முடியாது.

ஒவ்வொரு முறையும் குடிப்பதற்கு முன் முகருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் புதைத்து நீளமாக இழுத்தால் ஆல்கஹால் ஆவி மூக்கை மரக்கச் செய்துவிடும். வாயைச் சற்றே திறந்துகொண்டு, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழுங்கள். வனிலா, தேங்காய், கிராம்பு மூன்றும் ஓக் மரத்திலிருந்தே வருபவை. உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின் போன்ற வாசனை காலம் தந்தது. ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) ஆரஞ்சுத்தோல், பைன் வாசனைகளைத் தேடி ஏமாற வேண்டாம். முதிரும்போது முதலில் மங்குவது அவைதான்.

விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். பீப்பாயின் தன்மை அப்போதுதான் முழுதாகப் பிடிபடும்.

பலரும் தடுமாறும் இடம்: கசப்பா, துவர்ப்பா, சூடா?

ஹாப்ஸின் கசப்பு, மரத்தின் துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு மூன்றும் ஒரே வாயில் சேர்ந்து வரும். புதியவர்கள் மூன்றையும் 'ரொம்ப ஸ்ட்ராங்' என்று ஒரே பெயரில் எழுதிவிடுவார்கள். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. மூன்று கோப்பைகள் தயார் செய்யுங்கள்:

1. பத்து நிமிடம் ஊறவைத்து ஆறிய, பால் சர்க்கரை சேர்க்காத தேநீர்
2. பால் சர்க்கரை இல்லாத காபி, சம அளவு தண்ணீர் கலந்தது
3. 40 சதவீத வோட்கா 10 மி.லி.யுடன் 30 மி.லி. தண்ணீர். இது 10 சதவீதக் கலவை

ஒவ்வொன்றையும் ஒரு வாய் எடுத்து, இடையில் தண்ணீர் குடியுங்கள். தேநீர் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் வறளச் செய்யும். அதுவே துவர்ப்பு. காபியில் கசப்பு நாக்கில் தங்கி நிற்பதைக் கவனியுங்கள். தேநீரில் கொஞ்சம் கசப்பும் காபியில் கொஞ்சம் துவர்ப்பும் கலந்திருக்கும்; எது மேலோங்குகிறது என்று பார்த்தால் போதும். வோட்காவில் தொண்டையிலிருந்து நெஞ்சு வரை சூடு இறங்கும். இதன்பின் பீருக்குத் திரும்பினால் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். நல்ல பீரில் சூடு மிதமாகப் பரவும், தொண்டையைச் சுடாது. துவர்ப்பு மட்டும் கடைசியில் தனியாக நின்றால், மரம் பீரை மிஞ்சிவிட்டது என்று எழுதலாம்.

கெட்டுப்போனதை அறிவது

வினிகர் புளிப்பு என்றால் பீப்பாயில் அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை எத்தில் அசிடேட் என்னும் வேதிப்பொருளுடையது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, காற்று பட்டுப் பாழானதன் அடையாளம். வெண்ணெய் வாசனை, நொதிக்கும்போது உருவாகும் டைஅசிட்டைல் என்னும் வேதிப்பொருளுடையது. எது கண்டாலும் 16 டிகிரியில் மறுபடி முகர்ந்து உறுதிசெய்யுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

எல்லாம் ஒரே வாசனையாகத் தெரிந்தால் மூக்கு களைத்துவிட்டது. முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்புங்கள். காரமான உணவு, வாசனைத் திரவியம் இரண்டையும் தவிர்க்கவும். இடையே சாப்பிட வெறும் ரொட்டி போதும்.

மீந்த பீருக்கு ஒயின் வேக்குவம் பம்ப் போட வேண்டாம். அது காற்றோடு பீரில் கரைந்திருக்கும் வாயுவையும் உறிஞ்சிவிடும். மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் நேராக நிறுத்தி, மறுநாளே முடித்துவிடுங்கள்.