உயில் எழுதுவது எப்படி? சாட்சிக் கையெழுத்தில்தான் கவனம் வேண்டும்

போன மாதம் அப்பாவின் உயிலை வீட்டிலேயே எழுதிப் பதிவும் செய்தோம். அதே வழியை இங்கே தருகிறேன். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் என்பதால் அவர்களுக்கு இது பொருந்தாது.

1. சொத்துப் பட்டியல். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே. 'ஊரில் இருக்கும் வயல்' என்று எழுதினால் பின்னால் சண்டைதான். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம்.

2. யாருக்கு எது என்று எழுதிவிட்டு, 'இதில் சொல்லாத மற்றவை எல்லாம் இன்னாருக்கு' என்று ஒரு வரி சேருங்கள். இனி வாங்கப்போகும் சொத்தும் அதில் அடங்கிவிடும்.

3. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளை ஏ4 தாள் போதும். கையெழுத்துப் பிரதியைவிடத் தட்டச்சுதான் எனக்குப் பிடிக்கும். கையெழுத்தான பிறகு எதையாவது அடித்துத் திருத்தினால், அந்த இடத்திலும் எழுதியவரும் சாட்சிகளும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும்.

4. சாட்சி. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 கேட்பது குறைந்தது இரண்டு பேர். அப்பா கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் கண் முன்னால்தான் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். தாளை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் வேலையே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க, உயிரோடு இருக்கும் ஒரு சாட்சியாவது வந்து சொல்லியாக வேண்டும். அதனால் அப்பா வயது நண்பர்களை விட்டுவிட்டு, உள்ளூரிலேயே இருக்கும் இளையவர்களைப் பிடியுங்கள். சொத்து பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவர் கணவன், மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது.

5. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடுங்கள் என்பேன். முத்திரைத்தீர்வை கிடையாது, கட்டணம் மட்டும்தான். விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வில்லங்கச் சான்றில் உயில் வராது. எழுதியவர் இருக்கும்வரை வேறு யாரும் தாங்களாகப் போய் நகல் வாங்கவும் முடியாது.

பின்சேர்க்கை: 'நாமினி போட்டிருக்கிறோமே, போதாதா?' என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். உயில் இருந்தால் அதில் உள்ளவருக்கும், இல்லாவிட்டால் வாரிசுகளுக்கும்தான் அது சேர வேண்டும்.

பதிவு செய்ததை மாற்ற முடியுமா என்றும் கேள்வி. தாராளமாக மாற்றலாம். முறைப்படி எழுதியிருந்தால், பதியாவிட்டாலும் கடைசி உயில்தான் செல்லும். புதியதில் தேதியோடு 'முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன்' என்று மறக்காமல் எழுதுங்கள்.