சில்லு தொங்கும்போது நட்டை இறுக்காதீர்கள்

கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் என்னுடைய பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 இடப்பக்கம் ஒதுங்கும். காலை எடுத்தால் தானாக நேராகிவிடும். பிரேக்கைச் சந்தேகித்தேன், பிறகு டயரை. கடைசியில் பார்த்தால் முன்பக்க லோவர் ஆர்ம் (சில்லை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ் நான்கிலும் இறப்பர் பிளந்து கிடந்தது. புதிதாகப் போட்டேன். ஐந்தே மாதத்தில் அதே இழுப்பு திரும்பி வந்தது. விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கழற்றினேன், தவறு என்னுடையது.

இறப்பர் புஷ்ஷைப் பலர் பெயாரிங் போல நினைக்கிறார்கள். அது சுழலாது. வெளிக்கூடு ஆர்முக்குள் இறுகப் பொருந்தியிருக்கும். உட்குழாயை போல்ட் நெரித்து வண்டியின் சட்டத்தோடு பிடித்துவைக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இறப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். சில்லு ஏறி இறங்குவதெல்லாம் அந்த முறுக்கில்தான் நடக்கிறது. ஆகவே கார் தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போது இறப்பரில் முறுக்கே இருக்கக் கூடாது. ஜெக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால், காரை இறக்கிய கணமே இறப்பர் முறுகிவிடும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. அதற்கு மேல் ரம்பொடை வளைவுகளும் தோட்டத்து ரோட்டுப் பள்ளங்களும் சேர்ந்தால் விளிம்பிலிருந்து கிழியத் தொடங்கும். நான் கழற்றிய புஷ் அப்படித்தான் இருந்தது: ஒரே பக்கமாகச் சாய்ந்த வெடிப்பு, ஈரத் துணியைப் பிழிந்தது போல.

வேலையைத் தொடங்குமுன், கார் தரையில் நிற்கும்போது சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் பூட்டுங்கள். காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, குலுக்கிவிட்டு இறுக்குவது நல்லது. அடியில் கை போகாவிட்டால், காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஆர்மின் வெளி நுனியை இரண்டாவது ஜெக்கால் அந்த அளவு வரும்வரை உயர்த்தி இறுக்கலாம். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். நம் பக்கத்தில் சமதரை முற்றம் கிடைப்பதே அரிது; பின் சில்லுகளைத் தூக்கியதும் ஹேண்ட்பிரேக் பிடிக்க ஒன்றும் இல்லை என்பதும் பலருக்கு நினைவு வருவதில்லை. தரையில் நிற்கும் சில்லுகளின் இரு பக்கமும் கல் வையுங்கள்.

என் இரண்டாவது தவறு முதலாவதை மறைத்தது. இந்தக் காரின் லோவர் ஆர்ம் போல்ட்டுகளில் மையம் விலகிய தட்டு இருக்கும். அதைத் திருப்பித்தான் சில்லின் கோணத்தைச் சரிசெய்வார்கள். கழற்றுமுன் பெயின்டால் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துப் பூட்டியதால் வீல் அலைன்மென்ட் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். குறி, கார் அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை போய்ச் சேர்வதற்குத்தான். அங்கே போயிருந்தால், கார் தன் சில்லுகளில் நிற்கும்போதே அந்த நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி மீண்டும் இறுக்கியிருப்பார்கள். தொங்கவிட்டு இறுக்கிய பாவமும் கழிந்திருக்கும். டயரின் உட்பக்கம் மொட்டையானது தனிச் செலவு.

மழையிலும் பனியிலும் ஓடும் கார்களில் இந்த போல்ட்டுகள் உட்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நீண்ட பைப்பை மாட்டி முறுக்கினால் தட்டுதான் வளையும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுவதுதான் வழி. புதிய போல்ட் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்களிடம் பழைய போல்ட்டையே மாதிரிக்குக் கொடுத்துவிடுங்கள். காஸ் விளக்கால் இறப்பரை எரித்து எடுக்கும் மெக்கானிக் பாஸ்மாரும் உண்டு. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கூடு நசுங்கும். பிரஸ்ஸில் ஏற்றும்போதும் வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். வழுக்கலுக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். என்ஜின் ஒயில் இறப்பரை ஊதி மென்மையாக்கிவிடும்.

இறப்பருக்குப் பதிலாகப் பொலியுரித்தேன் (கடினமான பிளாஸ்டிக் வகை) புஷ் போட்டால் தொங்கும் சில்லுக் கவலை இல்லை. அதில் உட்குழாய் சுழலும். ஆனால் அதற்குரிய கிரீஸ் இல்லாமல் போட்டால் பழைய கட்டில் போலக் கிறீச்சிடும். பந்தயக்காரர்களுக்கு அது சரி. லிந்துலைப் பக்கத்துத் தோட்ட ரோட்டில் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எண்ண விருப்பமில்லாததால் நான் இறப்பரிலேயே நிற்கிறேன்.

இவ்வளவும் செய்யுமுன், குற்றவாளி புஷ்தானா என்று உறுதிசெய்யுங்கள். சிறிய அலவாங்கை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து மெல்ல நெம்புங்கள். இறப்பர் இரும்பிலிருந்து விலகினால் மாற்றத்தான் வேண்டும். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் அவசரமில்லை. போல் ஜொயின்ட்டையும் ஸ்டியரிங் முனைகளையும் அசைத்துப் பாருங்கள், அவை தேய்ந்திருந்தாலும் இதே போன்ற கோளாறு வரும். ஒரு பக்கம் போயிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை டோர்க் ஸ்பெனரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பெனர்) பார்த்துவிடுங்கள். அப்போதும் காரைத் தூக்காமல்.