மேடை நாடக உத்திகளைக் கற்பிப்பது எப்படி? வழக்குரை காதையை வைத்து ஒரு செய்முறை

முன்னுணர்த்தல், தனிமொழி, நாடக முரண், குறியீடு என்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வரையறையையும் எழுதிப் பாடத்தைத் தொடங்குவது நம் வகுப்பறைகளில் வழக்கமாக இருக்கிறது. மாணவர்கள் வரையறைகளை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஒரு காட்சியைக் கையில் கொடுத்து இதில் என்ன உத்தி இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். மேடை உத்திகளில் பெரும்பாலானவை ‘இந்தக் கணத்தில் எது யாருக்குத் தெரியும்?’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தவை. அக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காட்சியை உத்தியோடு ஒரு முறையும் உத்தியை எடுத்துவிட்டு ஒரு முறையும் நடித்துப் பார்க்கச் செய்தால், 8 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பெயரைச் சொல்வதற்கு முன்பே பொருளைப் புரிந்துகொள்கிறார்கள்.

படி 1: காட்சியைத் தேர்ந்தெடுத்துப் பிரதியைத் தயார் செய்தல்

கொலையுண்ட கணவனுக்காகக் கண்ணகி பாண்டியனின் அவையில் நீதி கேட்கும் பகுதியான, சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். இது மேடைப் பிரதியாக எழுதப்பட்டதன்று என்றாலும், பெரும்பகுதி உரையாடலாகவே செல்வதாலும், கதை மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதாலும் வகுப்புக்கு மிகவும் பொருந்தும். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவையும் மூவகைத் திரைகளையும் அரங்கேற்று காதையில் விவரித்த காப்பியம் இது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

காட்சியை இன்றைய தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி எழுதுங்கள். கோப்பெருந்தேவி, பாண்டியன், வாயிலோன், கண்ணகி ஆகிய நால்வரோடு, முந்தைய கொலைக்களக் காதையிலிருந்து பொற்கொல்லனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான சில அடிகளை மட்டும் மூலத்தில் உள்ளபடியே விட்டுவிடுங்கள். அவற்றை உரக்கச் சொல்லும்போது மாணவர்களின் குரல் தானாகவே நிமிரும்.

படி 2: ‘யாருக்குத் தெரியும்’ அட்டவணை

கரும்பலகையில் பார்வையாளர், பாண்டியன், கண்ணகி, தேவி என்று நான்கு பத்திகள் போடுங்கள். இடப்புறத்தில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: தேவியின் சிலம்பைத் திருடியவன் யார், கண்ணகியின் சிலம்புக்குள் இருக்கும் பரல் (ஒலி எழுப்பும் மணி) எது, தேவியின் சிலம்புக்குள் இருக்கும் பரல் எது. காட்சி தொடங்கும் நேரத்தில் எது யாருக்குத் தெரியும் என்று மாணவர்களே குறியிடட்டும். திருடியவன் யார் என்பது பார்வையாளருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அதை எப்படி மெய்ப்பிக்கப் போகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. இந்த இடைவெளியை மாணவர்களே கண்டுபிடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருங்கள். அட்டவணையை அழிக்காமல் பாடம் முடியும் வரை வைத்திருங்கள்.

படி 3: தனிமொழி

பொற்கொல்லனாக நடிக்கும் மாணவர் தனியே நின்று, “கரந்துயான் கொண்ட காலணி ஈங்குப் பரந்துவெளிப் படாமுன்னம் மன்னற்குப் புலம்பெயர் புதுவனிற் போக்குவன் யான்” என்ற தன் திட்டத்தைச் சொல்லட்டும். தான் திருடியது வெளிப்படுவதற்கு முன், ஊருக்குப் புதியவன் ஒருவன் மேல் பழியைப் போட்டுவிடுவேன் என்பது இதன் பொருள். இந்த ஒரு பேச்சால்தான் அட்டவணையின் முதல் வரிசையில் பார்வையாளருக்குக் குறி விழுந்தது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். பிறகு அப்பேச்சை நீக்கிவிட்டுக் கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். கோவலன்மேல் நமக்கே ஐயம் வந்துவிடும். கதை துப்பறியும் கதையாக மாறிவிடும்.

மேடையில் மற்றவர் நிற்கும்போதே அவர்களுக்குக் கேட்காததாகப் பாவித்து, பார்வையாளரைப் பார்த்து மட்டும் ஒருவர் சொல்வது இதற்கு நெருங்கிய உத்தி. தெருக்கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் கதைக்குள் ஒரு காலும் சபைக்குள் ஒரு காலுமாக நின்று கேலி பேசுவதைப் பார்த்த மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.

படி 4: நாடக முரண்

பார்வையாளருக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாதபோது, அப்பாத்திரம் பேசும் பேச்சு அதற்கு ஒரு பொருளும் நமக்கு இன்னொரு பொருளும் தருவதே நாடக முரண். “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று” (கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது) என்று பாண்டியன் சொல்லும்போது அவன் நேர்மையாகவே பேசுகிறான். உண்மையறிந்த நமக்குத்தான் அது சுடுகிறது. சற்று நேரத்தில் அதே மன்னன் “யானோ அரசன் யானே கள்வன்” என்று சொல்லும்போது, அவன் பிறர்மேல் எறிந்த சொல் அவன்மேலேயே வந்து விழுகிறது. இரண்டு அடிகளையும் ஒரே மாணவர் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கட்டும்.

சிலப்பதிகாரக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், உத்தியின் விசையை அளந்து பார்க்க யாரும் அறியாத சிறு காட்சி ஒன்று தேவைப்படும். வகுப்பில் பாதிப் பேரைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு பையன் அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பையில் மறைப்பதை உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டுங்கள். பின்னர் எல்லோரையும் உள்ளே அழைத்து, அப்பா அதே பையனின் தோளில் கைபோட்டு, “இந்த வீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது உன்னை மட்டும்தான், அந்தக் கடிகாரம் எங்கே போயிருக்கும்னு நீயே தேடிச் சொல்லுப்பா” என்று கேட்கும் காட்சியை நடிக்க வையுங்கள். ஒரு பாதி சிரிக்கும். மறு பாதி ஏன் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும். வரையறை சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

படி 5: முன்னுணர்த்தலும் தாமதிக்கப்பட்ட வருகையும்

பின்னால் வரப்போவதை முன்பே குறிப்பால் காட்டுவது முன்னுணர்த்தல். வழக்குரை காதை கண்ணகியோடு தொடங்குவதில்லை. வெண்கொற்றக் குடையும் செங்கோலும் விழுவதாகவும், வாயில் மணி நடுங்கி ஒலிப்பதாகவும் தான் கண்ட தீக்கனவைத் தேவி முதலில் சொல்கிறாள். அதன் பிறகும் கண்ணகி வருவதில்லை, வாயிலோன் வருகிறான். கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போய், “கணவனை இழந்தாள் கடையகத் தாளே” (கணவனை இழந்தவள் வாயிலில் நிற்கிறாள்) என்று முடிக்கிறான். கண்ணகியாக நடிப்பவரை வகுப்பறைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, வாயிலோன் பேசி முடித்த பிறகே உள்ளே வரச் சொல்லுங்கள். அடுத்த முறை கனவையும் வாயிலோனையும் நீக்கிவிட்டு, கண்ணகியை நேராக உள்ளே வரவழையுங்கள். அவர் வெறும் வழக்குக்காரராக நிற்பார்.

படி 6: பரலின் வரிசையை மாற்றிப் பார்த்தல்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மூடியுள்ள சிறு தகர டப்பாக்கள் இரண்டில், ஒன்றில் மாணிக்கத்துக்காகச் சிவப்பு மஞ்சாடி விதைகளையும் மற்றதில் முத்துக்காக ஜவ்வரிசியையும் போட்டு மூடுங்கள். மூலத்தின் வரிசை இது: என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி, எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் மன்னன், கோவலனிடமிருந்து பறிக்கப்பட்ட சிலம்பு கொண்டுவரப்படுகிறது, அவள் உடைக்கிறாள், மாணிக்கப் பரல் மன்னனின் வாயருகே தெறிக்கிறது. மாணவர்கள் மஞ்சாடி டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டியபடி இதே வரிசையில் நடிக்கட்டும்.

இப்போது வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் டப்பாவைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு மன்னன், “எங்கள் சிலம்பில் முத்தல்லவா இருந்தது” என்று சொல்லட்டும். செய்திகள் அத்தனையும் அப்படியே இருந்தும் காட்சி படுத்துவிடும். காரணத்தை மாணவர்களிடமே கேளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு விதையின் நிறம் தெரியாது. சொல் முன்பே வந்திருந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத பொருளும் அரங்கு முழுவதற்கும் தெரியும். மேலும், மன்னன் தன் வாயாலேயே ‘முத்து’ என்று சொல்லித் தன் தீர்ப்பைத் தானே எழுதிவிடுகிறான். சிலம்பு உடையும் அதே நொடியில் அவன் உண்மையை அறிகிறான், அவன் நிலையும் கவிழ்கிறது. உண்மை வெளிப்படுவதும் நிலை மாறுவதும் ஒன்றாக நிகழ்வதே சிறந்தது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சோபோகிளிசின் ஈடிபஸ் நாடகத்தைக் காட்டிச் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

படி 7: குறியீடு

இதற்கு அதிக நேரம் வேண்டாம். சிலம்பு முதலில் அணிகலன், பிறகு விற்கவேண்டிய சொத்து, பிறகு திருட்டுப் பொருள், கடைசியில் சாட்சி. கையிலிருக்கும் பொருள் ஒன்றாகவே இருக்க, அதன் பொருள் மாறிக்கொண்டே போவதை மாணவர்கள் வரிசைப்படுத்தினால் போதும். குறியீட்டை மட்டும் தனியாக நீட்டி விளக்கினால், கண்ணில் படும் நாற்காலி, விளக்கு எல்லாவற்றுக்கும் மாணவர்கள் உட்பொருள் கற்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

படி 8: ஒரு பக்கக் காட்சி எழுதுதல்

இரண்டே பாத்திரங்கள், ஒரே இடம், ஒரே பொருள், இரண்டே உத்திகள் என்ற வரம்போடு ஒரு பக்கக் காட்சி எழுதச் சொல்லுங்கள். எல்லா உத்திகளையும் திணிக்க முயலும் மாணவரை அன்போடு தடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும், பார்வையாளருக்கு ஒரு செய்தி தெரியவரும் வரியின் கீழ் ஒரு கோடும், பாத்திரத்துக்கு அதே செய்தி தெரியவரும் வரியின் கீழ் இரண்டு கோடுகளும் இடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வரியில் விழுந்திருந்தால் அங்கே நாடக முரணுக்கு இடமே இல்லை. முதல் கோட்டை மேலே நகர்த்தி மறுபடி எழுதச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.