ஜெர்மனிக்கு வந்த புதிதில்: வைஃபை கிடைக்கிறது, லேப்டாப்பில் லாகின் பக்கம் மட்டும் வர மாட்டேன் என்கிறது

வந்து இறங்கிய முதல் சில வாரங்கள் பொது வைஃபையை நம்பித்தான் ஓடும். வீட்டுக்கு இணைய இணைப்பு எழுதிக் கொடுத்தாலும், ரவுட்டர் தபாலில் வந்து, டெக்னீஷியன் தேதி கொடுத்து, லைன் உயிர் பெற வாரக்கணக்கில் ஆவது இங்கே சாதாரணம். ப்ரீபெய்ட் சிம்முக்குக்கூட 2017 ஜூலை முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். அதை வீடியோ அழைப்பில் முடிக்கச் சொன்னால் அதற்கும் இணையம் வேண்டும். ஆக, நூலகம், ரயில் நிலையம், தங்கும் விடுதி, காபிக் கடை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

போனில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. வைஃபையைத் தொட்டதும் லாகின் பக்கம் தானாக எட்டிப் பார்க்கும். லேப்டாப்பில்தான் 'கனெக்டட்' என்று காட்டும், பக்கத்திலேயே 'நோ இன்டர்நெட், ஓப்பன்' என்றும் காட்டும், பிரவுசர் வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் பலர் செய்வது வைஃபை டிரைவரை (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிரைவர் கெட்டிருந்தால் வைஃபையே சேர்ந்திருக்காது. தவிர, இணையம் இல்லாத இடத்தில் டிரைவரை அழித்தால் திரும்ப எங்கிருந்து இறக்குவீர்கள்?

லாகின் பக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வைஃபையில் சேர்ந்ததும் லேப்டாப் உங்களுக்குத் தெரியாமல் ஒரு சோதனை முகவரிக்குக் கேள்வி அனுப்பும். விண்டோஸ் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற ஒரே ஒரு வரியைப் பதிலாக எதிர்பார்க்கும். ஆப்பிள் 'சக்ஸஸ்' என்ற சொல்லை எதிர்பார்க்கும். நூலகத்தின் வைஃபை அந்தக் கேள்வியை வழிமறித்து, பதிலுக்குத் தன் லாகின் பக்கத்தை நீட்டும். எதிர்பார்த்த பதில் வரவில்லையே என்று புரிந்துகொண்டு லேப்டாப் அந்தப் பக்கத்தை உங்கள் முன் திறக்கும். அதாவது, இந்த ஏற்பாடு முழுக்க வழிமறிப்பில் நிற்கிறது. நம் லேப்டாப்பில் பாதுகாப்புக்காக நாம் போட்டு வைத்திருக்கும் எல்லாமே வழிமறிப்பைத் தடுப்பதற்காக உருவானவை. இரண்டும் மோதினால் வெள்ளைத் திரை.

முன்பெல்லாம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் லாகின் பக்கம் வந்துவிடும். இப்போது கூகுள், வங்கி, செய்தித்தளம் எல்லாம் எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டிய இணைப்பு. அந்த இணைப்பில் நடுவில் யாரும் புகுந்து வேறு பக்கத்தைக் காட்ட முடியாது. காட்ட முயன்றால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கையோடு கதவை மூடிவிடும். அதனால் கூகுளை எத்தனை தடவை ரீலோடு செய்தாலும் பயனில்லை.

ஆகவே முதல் வேலை, எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால், பூட்டில்லாத பழைய எச்டிடிபி தளம் ஒன்றைத் திறப்பது. இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. முகவரிப் பட்டையில் முன்னால் எச்டிடிபி என்று, எஸ் இல்லாமல், முழுதாகத் தட்டச்சு செய்யுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் தானே எஸ் சேர்த்துக்கொள்ளும். கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம் என்பதும் இதே வேலையைச் செய்யும், விண்டோஸ் லேப்டாப்பிலும். லாகின் பக்கம் வந்தால் சரி. 'சக்ஸஸ்' என்று வந்தால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள், பிரச்சினை வேறெங்கோ. பாதிப் பேருக்கு வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால், அந்தத் தளத்தையே தடுக்கும் ஏதோ ஒன்று உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. அநேகமாக விபிஎன், அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள். படம் பார்க்கவோ, வேலைக்காகவோ போட்ட விபிஎன், லேப்டாப் திறந்ததும் தானாக ஓடும்படி இருக்கும். அதில் 'கில் ஸ்விட்ச்' இருந்தால், விபிஎன் சேரும்வரை வேறு எதையும் வெளியே விடாது. லாகின் ஆகாமல் விபிஎன் சேராது, விபிஎன் சேராமல் லாகின் பக்கம் வராது. விபிஎன், கில் ஸ்விட்ச் இரண்டையும் நிறுத்துங்கள். மேக்கில் ஆப்பிளின் இதே மாதிரிச் சேவையான ஐகிளவுட் பிரைவேட் ரிலே ஓடினால் அதையும்.

அடுத்து டிஎன்எஸ், தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. ஊரில் இணையம் வேகமாகும் என்று யாரோ சொல்லி 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற வெளி டிஎன்எஸ் எண்ணைப் போட்டு வைத்திருப்பீர்கள். பல லாகின் பக்கங்களின் முகவரி அந்த இடத்து டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். வெளியே கேட்டால் கிடைக்காது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய், டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்டை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஐபி அசைன்மென்ட்டும் ஆட்டோமேட்டிக்தானா என்று அப்படியே ஒரு பார்வை. பிரவுசருக்குள்ளும் தனியாக 'செக்யூர் டிஎன்எஸ்' இருக்கும், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும். அதையும் தற்காலிகமாக அணைக்கலாம்.

மாணவர்களிடம் அடிக்கடி கண்ணில் படுவது இன்னொன்று: ப்ராக்ஸி, அதாவது இணையத்துக்குப் போவதெல்லாம் கடந்து போகும் இடைச் சர்வர். ஊரில் கல்லூரி விடுதி இணையத்துக்காக இரண்டாம் ஆண்டில் யாரோ சீனியர் உட்கார்ந்து போட்டுக் கொடுத்த ப்ராக்ஸி எண், படிப்பு முடிந்து, விசா வந்து, கடல் கடந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கும். இங்கே இல்லாத அந்த ஊர் சர்வரை லேப்டாப் தேடிக்கொண்டிருக்கும், லாகின் பக்கம் எப்படி வரும்? செட்டிங்ஸில் ப்ராக்ஸி பகுதிக்குப் போய் மேனுவல் ப்ராக்ஸியை அணையுங்கள்.

விளம்பரத் தடுப்பான்களும் 'எச்டிடிபிஎஸ் ஒன்லி' செட்டிங்கும் சில நேரம் குறுக்கே நிற்கும். இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பார்த்தால், எக்ஸ்டென்ஷன்தான் காரணமா என்று தெரிந்துவிடும். பழைய லேப்டாப் என்றால் தேதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், நல்ல லாகின் பக்கத்தைக்கூட பிரவுசர் சான்றிதழ் செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பும்.

பக்கம் வந்துவிட்டது, ஆனால் உள்ளே விடவில்லை என்பது தனிக் கதை. அதிலும் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு.

பல ஹோட்டல்களின் லாகின் பக்கத்தில் அறை எண்ணும் குடும்பப் பெயரும் கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் சிலருக்கு சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். சிலருக்கு இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள். சிலருக்குப் பெயர் முழுக்க ஒரே கட்டத்தில். கவுன்ட்டரில் இருப்பவர் காலிக் கட்டத்தைப் பார்த்துக் குழம்பி, தனக்குத் தோன்றியதை கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பார்: உங்கள் சொந்தப் பெயர், அப்பா பெயர், அல்லது இரண்டும் ஒட்டி. நீங்கள் ஒன்றைத் தட்டினால் அது இன்னொன்றை எதிர்பார்க்கும், 'தவறான விவரம்' என்று ஜெர்மனில் சொல்லும். சும்மா ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதைவிட, கீழே இறங்கிப் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்துகளில் இருக்கிறது என்று கேட்டு, முடிந்தால் திரையையே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அறை முன்பதிவு நண்பர் பெயரில் என்றால் அவர் பெயர்தான் வேலை செய்யும், உங்கள் பெயர் அல்ல. இந்தப் பெயர்க் குழப்பம் வைஃபையோடு நிற்காது. முகவரிப் பதிவு, வங்கி, காப்பீடு என்று எல்லா இடத்திலும் துரத்தும். எங்கே எப்படி எழுதினார்கள் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

போன் எண் கேட்டு ஓடிபி அனுப்பும் இடங்களில் இந்திய எண்ணோ இலங்கை எண்ணோ கொடுக்கலாம். ஆனால் சிம்மில் ரோமிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நாட்டுக் குறியீட்டை நீங்களே மாற்ற வேண்டும். அந்தக் கட்டம் எப்போதும் 49-இல் நிற்கும். இதுவும் இல்லாத இடங்களில் ஒரு சதுரத்தை டிக் செய்து நிபந்தனைகளை ஏற்றால் போதும். அந்தச் சதுரம் பக்கத்தின் அடியில் சின்னதாக இருக்கும், அதைத் தொடாமல் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இங்கே திறந்த வைஃபை வைப்பவர், அதில் மற்றவர்கள் செய்யும் தவறுக்கும் பொறுப்பாளி என்ற பயம் நீண்ட காலம் இருந்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் டிக் செய்யச் சொல்லும் வழக்கம் போகவில்லை.

ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் வைஃபை உண்டு, லாகின் ஒரே பட்டன்தான். ஆனால் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்களுக்கு அங்கே ஒரு பொறி இருக்கிறது. லேப்டாப்பில் டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இருந்தால் அது 172.17-இல் தொடங்கும் முகவரிகளைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும். கூடுதல் நெட்வொர்க் உருவாக்கினால் 172.18, 172.19 என்று போகும். ஐசிஇ வைஃபையும் இதே வட்டாரத்து முகவரிகளைக் கொடுப்பதால், ரயிலின் லாகின் பக்கத்துக்குப் போக வேண்டியது உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே சுற்றி நின்றுவிடும். லினக்ஸில் இது அதிகம். விபிஎன் இல்லை, டிஎன்எஸ் சரி, பக்கத்து இருக்கைக்காரருக்கு வருகிறது, உங்களுக்கு வரவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். டாக்கரை நிறுத்தி, அது உருவாக்கிய நெட்வொர்க்குகளை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் பக்கம் வரும். அடிக்கடி ரயிலில் போகிறவர் என்றால், டாக்கரின் கான்ஃபிக் ஃபைலில் முகவரி வட்டாரத்தை 10-இல் தொடங்கும் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

பல்கலைக்கழகத்தில் எடுரோம் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை) என்ற பெயரைப் பார்த்தால் லாகின் பக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அதற்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. பல்கலைக்கழகம் கொடுத்த பயனர்பெயரை, பின்னால் அட் குறியோடு பல்கலைக்கழகத்தின் முகவரியும் சேர்த்து, வைஃபை செட்டிங்கிலேயே கொடுக்க வேண்டும். கெட்எடுரோம் செயலியை நிறுவினால் சான்றிதழையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் தானாகச் சேரும்.

எல்லாம் செய்தும் வரவில்லை, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இன்றைக்கே ஆவணம் ஏற்ற வேண்டும் என்றால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அந்த வைஃபையில் லாகின் செய்துவிட்டு, யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலான போன்கள் மொபைல் டேட்டாவைத் தொடாமல் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கடத்திவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அவை இதற்கு உதவாது.

பக்கம் வந்து உள்ளே போனதும், அணைத்ததையெல்லாம் திரும்பப் போடுங்கள். விபிஎன்னை முதலில். லாகின் பக்கம் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கலாம். மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கேட்டால் மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இலவச வைஃபைக்கு வங்கி அட்டை எண் கேட்டாலும் அதே. நெட்வொர்க்கின் சரியான பெயரைக் கவுன்ட்டரில் கேட்டுச் சேருங்கள், ஒரே மாதிரிப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒன்றைத் திறந்து வைக்க முடியும். இன்னொன்று: புதுப் படத்தை டாரன்ட்டில் இறக்கும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே பதிப்புரிமை மீறல் என்று வழக்கறிஞர் கடிதம் வரும், அதில் நூற்றுக்கணக்கான யூரோ கேட்பார்கள். பகிர்ந்து தங்கும் வீடு என்றால் அந்தக் கடிதம் இணைப்பை வாங்கியவர் பெயரில் போகும், அவர் உங்கள் அறைக் கதவைத் தட்டுவார்.