ஸ்டார்ட் செய்யும்போது கார் போடும் சத்தம்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு நொடி லொடலொடவென்று சத்தம். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல இன்ஜின் சீராக ஓடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சத்தமே வராது. ஓட்டிக்கொண்டு போனதில் இன்ஜின் சூடாகி, ஆயில் மேலே வரை ஏறியிருக்கும். இப்படிச் சத்தத்தை வழியிலேயே தொலைத்துவிட்டுப் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் மெக்கானிக்கே சாவியைத் திருப்பட்டும். முடியாதென்றால் பானெட்டைத் திறந்து வைத்து, சாவி திருப்புவதற்கு முன்பிருந்தே போனில் வீடியோ எடுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நொடி இருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, 'டக்' என்று கேட்டதுமே பேட்டரியையோ, இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையோ மாற்றுவது. டடடடவென்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் கரண்ட் போதவில்லை. ஒரே ஒரு 'டக்', அதோடு அமைதி என்றால் சோலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டார், வயர் இணைப்பு மூன்றில் ஒன்றாக இருக்கலாம். என் வண்டியில் அந்த ஒற்றை 'டக்' வந்தபோது செல்ஃப் மோட்டாரை மாற்றினோம். மறுநாளும் அதே 'டக்'. கடைசியில் பார்த்தால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து, விரலால் தொட்டாலே ஆடியது. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து முறுக்கியதும் முதல் திருப்பிலேயே வண்டி எழுந்தது.

அதனால் முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி சார்ஜ்தான் மிச்சம். சார்ஜ் முழுதாக இருந்தும் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சரி, ஆனாலும் 'டக்' என்றால் டெர்மினலையும் எர்த்தையும் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

வண்டி எழவில்லை என்று சாவியைப் பிடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. ஒரு முறைக்கு 10 நொடி போதும், இடையில் ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். கர்ர்ரென்று பல் அரைபடும் சத்தம் வந்தால் தள்ளிப்போடவே கூடாது. செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் ஃப்ளைவீல் என்ற இன்ஜின் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பல்வளையத்தை, அதாவது ரிங் கியரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. இப்போதே கவனித்தால் பெரும்பாலும் செலவு மோட்டாரோடு முடிந்துவிடும். ரிங் கியர் தேய்ந்துவிட்டால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் கிரீச்சென்று கத்துவது பெரும்பாலும் பெல்ட். செல்ஃப் இழுத்த கரண்டை பேட்டரிக்குத் திருப்பித் தர, அந்தப் பெல்ட்டால் சுற்றும் ஆல்டர்னேட்டர் அந்தச் சில நொடிகளில் கடுமையாக உழைக்கிறது, அப்போது பெல்ட் வழுக்குகிறது. இதற்கு சோப்புத் தேய்ப்பதும் ஸ்ப்ரே அடிப்பதும் சத்தத்தை மறைக்கும், கோளாறு அப்படியே இருக்கும். அதைவிட, கை தள்ளி இருக்கும்படி ஒரு பாட்டிலால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் கூடினால் இழுவிசை குறைவு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். தொங்கும் துணியோ துப்பட்டாவோ அருகில் வேண்டாம், ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

முதலில் சொன்ன அந்த லொடலொடவுக்கு வருவோம். நிறையப் பேர் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்வார்கள். 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் மேலே போய்ச்சேர இன்னும் நேரமாகும், தேய்மானம்தான் கூடும். முதலில் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள். பல ஃபில்டர்களுக்குள் ஆயில் வடிந்து போகாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது கெட்டுப்போனால் ஒவ்வொரு காலையும் இன்ஜின் சில நொடி ஆயில் இல்லாமல் சுற்றும். நல்ல ஃபில்டர் மாட்டியும் சத்தம் போகவில்லையென்றால் வால்வுகள் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயினின் டென்ஷனரைப் பரிசோதியுங்கள். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சத்தத்தை அடக்க ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது அந்த நேரத்தில் செய்யக்கூடாத வேலை.

எல்லாச் சத்தமும் கோளாறு இல்லை. குளிர்ந்த இன்ஜின் சிறிது நேரம் வழக்கத்தைவிட வேகமாக ஓடும், டீசல் வண்டி கொஞ்சம் கடகடக்கும். சூடானதும் மறையும் 'டிக் டிக்' என்றால், இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்பில் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள், புகை கசியலாம்.

ஆனால் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக இடித்து, வேகத்தோடு கூடவே ஏறினாலோ, ஆயில் விளக்கு சில நொடியில் அணையாவிட்டாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பார்த்துவிட்டு, ஒர்க் ஷாப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வண்டியை ஏற்றித்தான் அனுப்புங்கள்.